பேரு வெச்சவனைக் கேளு

என்னை ஏன்ப்பா கேக்கறே? பேரு வெச்சவனைக் கேளு! காலையில போன்லயும் ‘இன்னா மாடல்’னே, இப்ப கடைக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடி மறுபடியும் ‘இன்னா மாடல்’ங்கறே. மிக்ஸி கெட்டுப் போனா மிக்ஸின்னு சொல்லிக் குடுத்துட்டு வர்றோம். கிரைண்டர்னா கிரைண்டர். இந்த வீடியோ கேம் மெஷினுக்கு மட்டும் ஜாதகம் எடுத்துக்கினு வரணுமா? எக்ஸ்பாக்ஸ். வெள்ளைக் கலரு. அவ்ளோதான் இந்த யசோதாவுக்குத் தெரியும்.

இன்னாது... ஒன் எஸ்ஸா, சீரிஸ் எஸ்ஸாவா? பாத்தியா, ஆரம்பிச்சுட்டே!

எனக்கும் கொஞ்சம் தெரியும் குணசேகரு. எம் பையன் ரகு சொல்லியிருக்கான். முதல்ல ஒண்ணு விட்டானாம், வெறும் எக்ஸ்பாக்ஸ். சரி. அடுத்தது இன்னா வரணும்? ரெண்டு வரணும். பால்வாடி புள்ளை கூட சொல்லும். இவன் முன்னூத்தி அறுபதுன்னுட்டான்! நடுவுல இருந்த முன்னூத்தி அம்பத்தெட்டு எங்கடா போச்சு? போகட்டும், பெரிய மனசுக்காரன், அடுத்தது ஐநூறுன்னு வெப்பான்னு பாத்தா, மூணாவதா வந்ததுக்கு ‘ஒன்’னு பேரு வெச்சான். மூணாவதுக்கு ஒண்ணு! அப்புறம் அந்த ஒன்னுலயே ஒரு எஸ்ஸு, ஒரு எக்ஸு. அதுக்கும் அப்புறம் சீரிஸ்னு புதுசா விட்டான். அப்பாடா, புதுப் பேருன்னு நினைச்சா... அதுலயும் ஒரு எஸ்ஸு, ஒரு எக்ஸு! எங்கப்பா போய் முட்டிக்கறது?

எங்க நாத்தனார் புருஷன் இருக்காரே, அவருக்கு மூணு பொண்ணு. மகாலட்சுமி, மகாதேவி, மகாராணி. வீட்ல மூணும் ‘மகா’ தான். ‘மகா, தண்ணி கொண்டா’ன்னு கத்துவாரு. ஒரே நேரத்துல மூணு சொம்பு வரும். இல்லாட்டி ஒண்ணு கூட வராது. அவரு மாதிரி ஒரு ஆளு தான் அந்தக் கம்பெனியில பேரு வெக்கற சீட்டுல உக்காந்திருக்கான். எழுதி வெச்சுக்கோ.

அதுவும் எக்ஸு! நான் படிச்சது கொஞ்சம். ஆனா டீச்சரு எக்ஸு போட்டா அது தப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும், என் சிலேட்டுல அதான் நிறைய இருக்கும். அட பாவி, நீ செஞ்ச மெஷினுக்கு நீயே தப்புன்னு போட்டு வெப்பியா? அப்புறம் அது ஓடுமா?

அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்குமா? திருப்பிப் பாரேன். நான் வேணாம்னா சொன்னேன். ஆனா... ஸ்டிக்கர் ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் அழுக்கா இருக்கும். மஞ்சளாவா? தெரியலையேப்பா. கம்பெனியிலயே அப்படித் தான் வந்துச்சோ இன்னாவோ.

ரகுவைக் கேளுங்கறியா? ஐயோ பேடப்பா, வேணாம்! அவனுக்கு இது நின்னு போன விஷயமே தெரியாது. தெரியவும் கூடாது. பொம்மசந்திராவுல ஃபேக்டரி வேலை, செகண்ட் ஷிப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் ஏறிப் போனான். அவன் தலை மறைஞ்சதும் துண்டுல சுத்தி எடுத்துக்கினு ஓடி வந்திருக்கேன். அஞ்சு மணிக்குள்ள இதை உயிரோட குடுத்துடு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

ஏன் அஞ்சு மணின்னு கேக்க மாட்டியா? நீ கேக்காட்டியும் சொல்றேன். அஞ்சு மணிக்கு எலிசபெத்து வரும். வரும்னா, வீட்டுக்கு இல்லப்பா. இதுல வரும். டிவியில.

எலிசபெத்து, ரகு வேலை செய்யற ஃபேக்டரியில தான் இருக்குது. கோலார் தங்கவயல் குடும்பம், இப்ப ஹொங்கசந்திராவுல வீடு. தங்கமான பொண்ணு. ரகுவுக்கு அதைத் தான் கட்டிக்கணுமாம். எனக்கு ஓகே. எங்க வீட்டுக்காரரு சண்முகம், முதல்ல ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு இருந்தாரு, மூணாம் நாள் பசிச்சுது, சரின்னுட்டாரு. பொண்ணோட அப்பா கில்பர்ட் அண்ணனும் நல்ல மாதிரி. டெய்லர் கடை வெச்சிருக்காரு, ராத்திரி வரைக்கும் கடையிலயே கிடப்பாரு, யாரு இன்னா சொன்னாலும் ‘ஆகட்டும்’னுவாரு. எல்லாம் அந்த அம்மா தான். ரஞ்சிதம். பாக்கறதுக்கு சாந்தமா இருக்கும். ‘நீங்க கோயிலு, நாங்க சர்ச்சு. உங்க மெஷின் வேற, எங்க மெஷின் வேற’ன்னு... இல்ல, மெஷின்னு அந்தம்மா சொல்லல, அது நான் சேத்தது. ‘உங்க வீட்டுக்கு நான் வர்றதா இல்ல’ன்னு மட்டும் மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு. நான் ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கினு போயிருந்தேன். அதைக் கூட கீழ வெக்கச் சொல்லல.

ஆமா, மெஷின்னதும் ஞாபகம் வருது. அந்த வீட்ல இருக்கறது வேற கம்பெனி. பிளேஸ்டேஷன். அவன் பாரு, மனுஷன்! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ரயில்வே பிளாட்பாரம் மாதிரி வரிசையா வெச்சுக்கினு போறான். அவங்க வீட்ல இருக்கறது நாலு. கெட்டுப் போனா ‘நாலு’ன்னு சொன்னா போதும், நீயும் இன்னொரு கேள்வி கேக்க மாட்டே.

அப்ப நான் ரகுவைக் கேட்டேன். ஏன்டா, அது ஒரு கம்பெனி, இது ஒரு கம்பெனி, ரெண்டுக்கும் ஆகாது. அப்புறம் எப்படி நீயும் அந்தப் பொண்ணும் ஒரே ஆட்டம் ஆடறீங்க? அவன் சொன்னான், ‘அம்மா, மெஷின் செய்யறவன் வேற, ஆட்டம் செய்யறவன் வேற. ஆட்டம் செய்யறவன் அவனுக்கும் குடுப்பான், இவனுக்கும் குடுப்பான். இன்னா மெஷினா இருந்தா அவனுக்கு இன்னா, நாலு பேரு ஆடணும். அவ்ளோதான்.’ சில ஆட்டத்துல கலந்து ஆடவும் விட்டுடறானாமே? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு குணசேகரு. இந்த ஆட்டக்காரன் வீடு எங்க இருக்குதுன்னு சொல்லு, ரஞ்சிதம் கிட்ட சம்பந்தம் பேச அந்த ஆளைத் தான் கூப்புடணும்.

இன்னாப்பா, திறந்துட்டியா? மேல் மூடி இவ்ளோ ஈசியா வருமா? பாத்துப்பா... சிடி போடற வாயே இல்லையா? ஆமா, அதுக்கு வாயே கிடையாது. அப்ப சீரிஸ் எஸ்ஸா? பாரு, வாய் இல்லாததை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டே! பேரை வெச்சுக் கண்டுபிடிக்க முடிஞ்சுதா உன்னால?

எப்படி நின்னு போச்சா? தானா தான். நான் கிட்டயே போகல. சாமி சத்தியமா... சத்தியம் வேணாம், நான் கிட்ட போகலன்னு வெச்சுக்கோயேன். புர்ர்னு ஒரு சத்தம், அப்புறம் உள்ள கரகரகரன்னு காபிக்கொட்டை அரைக்கற மாதிரி ஒரு சத்தம். நின்னுடுச்சு. கம்பெனி சரியில்ல. பேரே ஒழுங்கா வெக்கத் தெரியாதவன் உள்ள இருக்கறதை மட்டும் ஒழுங்கா வெப்பானா?

இன்னா அது? இடுக்கியில இன்னாப்பா எடுக்கறே? காட்டு... அரிசியா? அரிசி எப்படிப்பா உள்ள வரும். கம்பெனியிலயே... சரி சரி, மஞ்சள் அரிசி தான், எனக்கும் கண்ணு தெரியுது. அது இன்னா சிவப்பா? குங்குமமா? சாமந்தி இதழா? இன்னும் ஒண்ணா! பொரித் தூளு... ஐயையோ, நீ ஏன்ப்பா பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டறே? அவரு போகட்டும், அவருக்கு வேலை இல்லையா?

ஆமாப்பா. ஆயுத பூஜை தான். போதுமா?

இந்த ஊர்ல ஆயுத பூஜைக்கு எந்த மெஷினையாவது விடறாங்களா சொல்லு. பஸ்ஸுக்கு வாழைக்கன்னு கட்டறான், கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெக்கறான், லிஃப்டுக்குப் பூசணிக்காய் உடைக்கறான். எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுக்கு மாலை, நாலு எலுமிச்சம்பழம்... மூணு சக்கரத்துக்கு ஏன் நாலுன்னு கேளேன், ஸ்டெப்னிக்கு ஒண்ணாம். நான் மிக்ஸிக்கு வெச்சேன், கிரைண்டருக்கு வெச்சேன், அயர்ன் பாக்ஸுக்கு வெச்சேன், துணி துவைக்கற மெஷினுக்கு வெச்சேன். இது ஒரு மூலையில தனியா உக்காந்திருந்துச்சு, எனக்கு மனசு கேக்கல. பையன் வாழ்க்கையே இதுல தான் ஓடுதுன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டேன். மேல வட்டமா, கறுப்பா, ஓட்டை ஓட்டையா ஒரு இடம் விட்டிருக்கான் பாரு. அதைப் பாத்தா உனக்கு இன்னா தோணும்? எனக்கு, இங்க போடுன்னு தோணுச்சு. சந்தனம் கரைச்சு அடியில பூசினேன், நடுவுல குங்குமம், அட்சதையை ரெண்டு கையால அள்ளி... கல்யாணம் ஆகணும்னு வேண்டிக்கினு போட்டேன்ப்பா, கிண்ணத்துல மீதி வெக்கவா முடியும்? பொரி தானா விழுந்தது. அது காத்து.

காத்து போக வர இடமா அது? அப்ப அங்க எழுதி வெக்கணும்ல! எஸ்ஸு, எக்ஸுன்னு எழுத இடம் இருக்குது, ‘பூஜைக்கு இல்லை’ன்னு ஒரு வரி எழுத இடம் இல்லையா?

சரி, பிழைக்குமா? ஃபேன்ல தான் மாட்டிக்கினு இருக்குதா? நிதானமா எடு, நிதானமா... இல்ல, சீக்கிரம் எடு. ரெண்டு நாளா அந்தப் பொண்ணு காத்துக்கினு கிடக்குது. முந்தாநாள் பூஜை, நேத்து விஜயதசமி, ரகு ரெண்டு நாளும் வீட்லயே தங்கல, நீயும் கடையைத் திறக்கல. ரெண்டு நாளா நான் ஆடாம எனக்குக் கையெல்லாம்...

நான் எங்க ஆடறேன்னு சொன்னேன்? ரகு. ரகு ஆடாம.

ரகு சாயந்திரம் ஃபேக்டரியில இருக்கானே, எப்படி ஆடுவான்னா... யோவ், நீ மெக்கானிக்கா போலீஸா?

சரி உக்காரு. நீ உக்காந்து தான் இருக்கே. நான் உக்காந்துக்கறேன். யாருக்கும் சொல்லிடாத. ஆவணி மாசம் ஒரு நாள் சாயந்திரம் டிவியில பாட்டு பாத்துக்கினு இருந்தேன். டிங்குனு ஒரு சத்தம். ரகு இதை அணைக்க மறந்துட்டுப் போயிட்டான். ‘லிஸ்ஸி கூப்புடறாங்க’ன்னு படம் போட்டு வருது. எலிசபெத்துக்கு அதுல லிஸ்ஸின்னு பேரு. நான் இன்னா பண்ணுவேன்? ரகு செகண்ட் ஷிப்டுக்கு மாறினது அந்தப் பொண்ணுக்குத் தெரியாதோ, மறந்துடுச்சோ. கூப்புட்டு யாரும் வரலன்னா மனசு கஷ்டப்படாதா? ஏற்கனவே அங்க அம்மாக்காரி ஒத்துக்க மாட்டேங்குது, இங்க இவனும் கண்டுக்கலன்னா? அதான் அந்தப் பச்சை பட்டனை அமுக்கினேன். அமுக்கினதும் ஒரு குண்டு பொம்மை வந்து நின்னுச்சு.

ஆட்டம் தெரியும்ல உனக்கு? உருண்டை உருண்டையா குண்டு பொம்மைங்க. ஓடணும், எதிராளியைச் சேத்துல தள்ளணும். அவ்ளோதான் ஆட்டம். முதல் நாள் எனக்கு நிக்கவே தெரியல, அந்தப் பொண்ணு தள்ளிக்கினே இருந்துச்சு. மறுநாளும் டிங்கு. அதுக்கு மறுநாளும். பேச வேண்டாம்ப்பா, பேசறது இல்லாம தான் ஆடறோம், அதனால தப்பிச்சேன். இப்ப கேளு, நான் உஸ்தாத். ரகு வந்து பாத்துட்டு, ‘அம்மா, என் லெவல் தானா ஏறியிருக்குது, கம்பெனிக்காரன் ஏத்தி விட்டிருக்கான்’னு பசங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றான். நான் அடுப்படியில திரும்பி நின்னுக்கினு வெங்காயம் உரிச்சேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன். நேர்ல அந்தப் பொண்ணு வாயே திறக்காது. தலை குனிஞ்சுக்கினே நிக்கும். ஆட்டத்துல பாக்கணுமே! என் பொம்மையைப் பிடிச்சுச் சேத்துல அமுக்கி, மேல ஏறி நின்னு, இடுப்பை ஆட்டி ஆட்டி ஒரு டான்ஸ் வேற. எனக்கு ஒரு பயம் கூட வந்துச்சு, மருமகளா வந்தா நம்ம நிலைமை இன்னான்னு. ஆனா பொறுப்பான பொண்ணு. சில நேரம் எங்க வீட்ல குக்கர் விசில் அடிச்சு நான் எழுந்து போயிட்டு வருவேன், வந்து பாத்தா அந்தப் பொம்மையும் அசையாம நிக்கும். அங்கயும் குக்கர் தான் போல, வீட்டு வேலையெல்லாம் அதே செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன். ஞாயித்துக்கிழமை ரகு வீட்ல இருப்பான், அன்னைக்கு அவன் ஆடுவான். அன்னைக்கு மட்டும் அந்தப் பொண்ணு தள்ளவே தள்ளாது. இவன் சொதப்பு சொதப்புன்னு சொதப்பறான், அதுவும் கூடச் சேந்து சொதப்புது. விட்டுக் குடுத்து ஆடுதுப்பா! நான் புரிஞ்சுக்கினேன், அது தான் காதல்.

அதான் சொல்றேன், இன்னைக்கும் மூணாவது நாளா ஆட்டத்துக்கு யாரும் வரலன்னா அந்தப் பொண்ணு இன்னா நினைக்கும்? ‘ரகுவுக்கு இஷ்டம் விட்டுப் போச்சு’ன்னு நினைக்காதா? ரஞ்சிதம் பக்கத்துலயே உக்காந்துக்கினு, ‘பாத்தியாடி, நான் அப்பவே சொன்னேன்’னு...

இரு, போனு. ஐயையோ, ரகு. டீ டைம். நீ அந்த ஊதற மெஷினை நிறுத்துப்பா, நான் வீட்ல இருக்கேன்னு சொல்லப் போறேன்.

ஆ, சொல்லு ரகு... வீட்ல தான் இருக்கேன்... சத்தமா? அது ரோட்டுல... இன்னாது? ரிப்பேர் கடை நம்பரா! நம்ம வீட்ல எதுவும் ரிப்பேர் ஆகலையே. எல்லாம் ஜோரா ஓடுது!... ஓ, எலிசபெத்து வீட்ல. அவங்க கேம் மெஷினா? இன்னா கோளாறாம்?... ரெண்டு நாளா எதிர்ல ஆட யாருமே வரலையா? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்து மெஷின் கெட்டுப் போச்சுன்னு... யாரு சொல்றது? அம்மாவா? அந்தம்மாவுக்கு இன்னாடா தெரியும் இதைப் பத்தி, எலிசபெத்து கிட்ட கேட்டுச் சொல்லு... பக்கத்துல தான் இருக்குதா? உன் பக்கத்துலயா? அது ஜெனரல் ஷிப்டாச்சே, நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடும்னு நீ தானேடா சொன்னே?... அதுவும் செகண்ட் ஷிப்டுக்கு மாறிடுச்சா? எப்பலேந்து? ஆடி மாசத்துலேந்தா! ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினு, ஒரே பஸ்ஸுல... எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா, திருட்டுப் பயலே!

சரி, சரி. கேளு. ரிப்பேருக்கெல்லாம் எடுத்துக்கினு போக வேணாம்னு சொல்லு. மெஷின் நல்லாத் தான் இருக்குது. அஞ்சு மணிக்கு வெச்சுப் பாக்கச் சொல்லு, வரும்... எனக்கு எப்படித் தெரியுமா? குக்கர் விசில் அடிக்குது ரகு, வை.

குணசேகரு...

அந்தப் பொண்ணு சாயந்திரத்துல வீட்லயே இல்லையாம்ப்பா. ஆடியிலேந்து. நான் ஆட ஆரம்பிச்சதே ஆவணியில தான். கில்பர்ட் அண்ணன் கடையில. வீட்ல வேற யாரு இருக்கா? ஒரே ஒரு ஆளு.

அடியாத்தி! அந்தம்மாவா! அந்தச் சாந்த சொரூபியா என்னை அமுக்கி மேல ஏறி நின்னு இடுப்பை ஆட்டுச்சு? எங்க வீட்டுப் பக்கமே வர மாட்டேன்னுச்சே, இவ்ளோ நாளா தினமும் அஞ்சு மணிக்கு எங்க ஹால்ல வந்து நின்னு ஆடிட்டுப் போயிருக்குது! ரெண்டு நாள் வராம இருக்க முடியல, மெக்கானிக்கைத் தேடுது! எதிர்ல இருக்கறது நான்னு அதுக்குத் தெரியுமா? தெரிஞ்சே அமுக்குச்சா? தெரிஞ்சா இனிமே வருமா? இல்ல, நான் சொல்லிடணுமா? இப்ப வேணாம்ப்பா. ஞாயித்துக்கிழமை ஆப்பிள் பையோட போய் நேர்ல சொல்லிக்கறேன். இந்தத் தடவை கீழ வெக்கச் சொல்லாம அது எப்படி இருக்கும், பாத்துடறேன்.

நீ இன்னா சிரிச்சுக்கினு இருக்கே, ஃபேன் சுத்துதா? சுத்துதா! மூடு, மூடு, ஸ்க்ரூவெல்லாம் அப்புறம் போடலாம்... சரி போடு, ஆனா வேகமா. நாலரை ஆயித்து, பொம்மனஹள்ளி சிக்னல்ல நான் கால் மணி நேரம் நிக்கணும்.

முதல் ஆட்டம் நான் விட்டுக் குடுக்கறேன் குணசேகரு. பொண்ணு குடுக்கற சம்பந்தியாச்சே, மரியாதை. ரெண்டாவது ஆட்டத்துலேந்து அந்தம்மாவுக்குச் சேறு தான்.